மூன்றாம் தெருவுக்கு வர இருந்த கடல்

கொல்லிமலையின் மூடுபனி நாமக்கல் முல்லை நகர் மூன்றாம் தெருவுக்கு ஒரு சித்திரை மாதக் காலையில் வந்து சேர்ந்தது. இட்லி மாவு விற்கிற தெய்வானை, வாளியை வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர்வீட்டு கேட்டைக் காணவில்லை, கேட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய வீட்டையும் காணவில்லை. தன் கண்ணில்தான் கோளாறு என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு ஈர மிளகுக்கொடியின் வாசனையும் காப்பிப்பூ வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏற, "அடடா, அருக்காணியக்கா நேத்து மலையைப் பத்தியில்ல எழுதிட்டிருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே, மகள் தங்கமலருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று தேட உள்ளே போனாள்.

அருக்காணிதான் எதிர்வீட்டுக்காரி. 'தென்முகம்' வார இதழில் 'போய் வந்தேன்' என்ற தொடரை எழுதுகிறவள். பெயர் பழசாக இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொன்னபோது, "ஊர் பேரை மாத்தாமத்தானுங்க எழுதப் போறேன், எம்பேரு மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு" என்று கேட்டவள். துணிப்பையில் ஒரு மாற்றுச் சேலையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவாள், கண்ட இடத்தில் இறங்குவாள், கிடைத்ததைச் சாப்பிடுவாள், யார் வீட்டிலாவது படுத்து எழுந்து திரும்பி வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவாள். அவள் புருஷன் செங்கோடன் லாரிப் பட்டறையில் பெயின்டர், லாரியின் பின்கதவில் மயிலும் தாமரையும் வரைகிறவன். அவன் ஒருநாளும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை.

தொடர் ஆரம்பித்த காலத்தில் அவள் எழுதியதெல்லாம் அச்சில் படுத்தே கிடந்தது. வார்த்தை வராதோ, ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் எழுதியவை அவை. கொல்லிமலையைப் பற்றி எழுதிய மத்தியானத்தில்தான் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கறுத்துப்போனதுகூடத் தெரியாமல் எழுதினாள். முடித்து நிமிர்ந்தபோது தன் கன்னம் வலிப்பதை உணர்ந்து தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுநாள் பனி வந்தது.

தெரு அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெயிலில் வெந்துகொண்டிருந்த ஊரில் ஒரு தெரு மட்டும் குளிர்ந்தால் யாருக்குக் கசக்கும்? மற்ற தெருக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் பார்க்க வந்தார்கள், வடாம் பிழிந்தவர்கள் திட்டினார்கள், தெரு நலச் சங்கத் தலைவர் கந்தப்பன், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 'பனி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்று அட்டையில் எழுதி முனையில் கட்டினார். பிறகு மலையிலிருந்து இரண்டு ஆட்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

"எங்கூர்ப் பனியைக் காணமுங்க" என்றார் மூத்தவர். "மிளகுக்கொடியெல்லாம் காயுது. கீழ விசாரிச்சதுல இங்கிருக்குதுன்னு சொன்னாங்க."

அவர்கள் கோணிச்சாக்கில் பனியை அள்ளிக் கட்டிப் பார்த்தார்கள். தெருமுனையைத் தாண்டியதும் சாக்கு தட்டையாகப் போனது. வந்தது எதுவும் வந்த இடத்தின் எல்லையைத் தாண்டாது என்று அப்போதுதான் தெரிந்தது. அருக்காணி அடுத்த கட்டுரையை, ஒரு ஆற்றங்கரை ஆலமரத்தையும் அதன் கிளிகளையும் பற்றி அதே மாதிரி கன்னம் வலிக்க எழுதி முடித்த மறுநாள், கிளிகளோடு ஆலமரம் தெரு நடுவில் நின்றது, பனி தன் மலைக்குத் திரும்பியிருந்தது. புதியது வந்தால் பழையது போய்விடும் என்பதும் இப்படித்தான் தெரிந்தது. அவள் கடமைக்கு எழுதிய வாரங்களில் எதுவும் வரவில்லை. ஒரு லாட்ஜைப் பற்றி எழுதியபோது ஆறிப்போன சாம்பார் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டுப் போயிற்று.

அருக்காணிக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நல்லா எழுதியிருக்கிறோமா என்று மற்ற எழுத்தாளர்கள் காலமெல்லாம் தவித்துக்கொண்டிருக்க, அவள் காலையில் கதவைத் திறந்து பார்த்தால் போதும். அந்தப் பெருமை, சந்தை வந்த அன்று பயமாக மாறியது.

மலையடிவாரச் சந்தை ஒன்றைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். காலையில் தெருவை அடைத்துக்கொண்டு கடைகளும் கூடைகளும் கோழிகளும் வந்தன, அவற்றோடு விற்கிறவர்களும் வந்தார்கள். சாயங்காலம் வரை எல்லாருக்கும் உற்சாகம், மூன்றாம் தெருவில் அன்றைக்குப் போல மலிவாகக் காய்கறி கிடைத்ததே இல்லை. பொழுது சாயும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் தெருமுனைக்குப் போய்ப் போய்த் திரும்பினார்கள். காலை எடுத்து வைத்தால் கால் அதே இடத்தில் விழுந்தது. பச்சைமிளகாய் விற்ற ஒரு பெண்ணுக்கு வீட்டில் கைக்குழந்தை. பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்து, அவள் அருக்காணியின் வாசலில் வந்து நின்றாள்.

"எழுதுங்கம்மா" என்றாள். "எதையாச்சும் சந்தோசமா எழுதுங்க. எம்புள்ள பசியில கத்தும்."

அருக்காணி உடனே உட்கார்ந்தாள். பேனா ஓடியது, பக்கம் நிறைந்தது, மறுநாள் எதுவும் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எதிரில் இருக்கும்போது எங்கிருந்து சந்தோஷம் வரும்? அவளைத் தெய்வானை தன் வீட்டுக்குள் அழைத்துப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், மற்றவர்கள் ஆண்களுக்கு மொட்டைமாடியில் படுக்க இடம் கொடுத்தார்கள். கடைசியில், எப்போதோ ரயிலில் போகும்போது ஒரு நிமிஷம் பார்த்த ஒற்றைப் புளியமரம் அருக்காணியின் நினைவுக்குள் தானாக வந்து நின்றது, அதை எழுதினாள், சந்தை விடுபட்டது. குழந்தை பிழைத்ததா என்று அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிழைத்திருந்தது. ஆனால் அந்தத் தாய், அருக்காணியைத் தூரத்தில் கண்டதுமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அருக்காணி சப்பென்றுதான் எழுதினாள். புளியமரம் தெரு நடுவிலேயே நின்றது, ஆட்டோக்கள் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. ஆசிரியர் போன் செய்தார். "என்னம்மா ஆச்சு? எழுத்துல உயிரே இல்லையே. ஆண்டு மலருக்குக் கடலைப் பத்தி நீங்கதான் எழுதணும். போய் ஒரு வாரம் தங்குங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, சரி என்றாள். போகாமல் இருந்து இருந்து அவள் கால் மரத்துப்போயிருந்தது. போகிறேன், பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று செங்கோடனிடம் சொன்னாள்.

தேரிமுனை என்ற அந்தக் கடற்கரைக் குப்பத்தில் சவேரியம்மாள் என்கிற விதவையின் வீட்டில் தங்கினாள். சவேரியம்மாள் கரைவலை இழுக்கிற கூட்டத்தில் ஒருத்தி. "சும்மா உக்காந்து என்னத்தப் பாக்க, வா பிள்ள, வந்து இழு" என்று அவளையும் கயிற்றில் சேர்த்தாள். ஈரக்கயிறு உள்ளங்கையை அறுக்க, முன்னால் இருப்பவரின் முதுகும் பின்னால் இருப்பவரின் மூச்சும் தன்னுடையவை ஆகிவிட, எத்தனையோ பேரின் கால்கள் ஒரே காலாக மணலில் பின்வாங்கப் பின்வாங்க, கடலே அசைந்து கரைக்கு வருவது போல வலை வந்தது. கடைசி இழுப்பில் வலையின் பையான மடி திறந்து வெள்ளியாக மீன் துள்ளியபோது அருக்காணி, தன் பெயரையும் ஊரையும் மறந்து, தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ அவளைத் தோளோடு அணைத்தார்கள், யாரென்று அவள் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. அடுத்த கணமே கயிற்றை விட்டுவிட்டாள். ஐயோ, இதை எழுதிவிடுவேனே.

வீடு திரும்பியதும் காகிதங்களையும் பேனாவையும் செங்கோடனிடம் கொடுத்துப் பட்டறையில் வைத்துப் பூட்டச் சொன்னாள். ஆனாலும் மறுநாள் மூன்றாம் தெருக் குழாய்களில் தண்ணீர் உப்புக் கரித்தது. கொடியில் காய்ந்த துணிகள் விறைத்து நின்றன. தெய்வானையின் மாவு புளிக்காமல் கிடந்தது. கந்தப்பன் தன் வீட்டுச் சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு எல்லாரையும் புளியமரத்தடிக்கு அழைத்தார்.

"அம்மிணி இன்னும் எழுதலை" என்றார். "எழுதாதபோதே இப்படி. எழுதினா நாம எல்லாம் தண்ணிக்குள்ள."

"எழுத மாட்டேனுங்கண்ணா."

"நீ எழுத மாட்டே கண்ணு. உள்ளே இருக்கிற அந்தச் சந்தோசம் சும்மா இருக்குமா?"

கடைசியில் தெருவே கூடிப் பேசி, அவளைச் சந்தோஷப்படாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தது. யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. முறை வைத்துக்கொண்டு, மத்தியான வேளைகளில் ஆளுக்கொரு துக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கந்தப்பன், வெளிநாட்டில் இருக்கிற மகன் தன்னோடு பேசுவதை நிறுத்திய கதையைச் சொன்னார். மூலை வீட்டுக் கிழவர், உயிரோடு இருக்கும்போது மனைவியிடம் கேட்கத் தவறிய மன்னிப்பைச் சொன்னார். வாசலுக்கு வெளியே அடுத்த ஆள் தன் துக்கத்தோடு காத்திருந்தார், டாக்டரிடம் காத்திருப்பது போல.

தெய்வானை கடைசியாக வந்தாள். அவள் புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் இருக்க மாட்டான்.

"எந்தம்பி மோகனூர்ல ஆத்தோட போயிட்டானுங்கக்கா" என்றாள். "நான் கரையில துணி தொவச்சிட்டிருந்தேன். அக்கா பாருன்னு கூப்பிட்டான். சோப்பு கண்ணுல பட்டுருச்சு, தொடச்சுட்டுப் பாத்தா ஆளைக் காணோம். அன்னையில இருந்து நான் தொட்டித் தண்ணியைக்கூடக் குனிஞ்சு பாக்கறதில்லீங்க. கடலு வந்தா எல்லாரும் மூழ்கித்தான் சாவாங்க. நான் அதுக்கு முன்னாடியே, சத்தம் கேட்டதுமே செத்துருவேன்."

அருக்காணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, அக்கா பாரு என்று கூப்பிட்ட அந்தக் குரலும் கண்ணில் பட்ட சோப்பும் தனக்குள் வாக்கியமாகக் கோத்துக்கொள்வதையும், அந்தக் கோர்வை சரியாக விழுந்ததில் ஒரு இனிப்பு நெஞ்சில் பரவுவதையும் கண்டாள். ஜன்னலுக்கு வெளியே வாளித் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கி அலையடித்தது. எழுதுகிறவளுக்குத் துக்கமும் தீனிதான், இவர்கள் தீயை அணைப்பதாக நினைத்து விறகைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே துணிப்பையை எடுத்தாள். "கடலை அங்கேயே வெச்சு எழுதிடறேனுங்க மாமா" என்றாள் செங்கோடனிடம். "அது ஏற்கெனவே அங்கதானே இருக்குது. எங்கயும் வர வேண்டியதில்ல."

செங்கோடன் பட்டறையிலிருந்து காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். அவளைப் பஸ் ஸ்டாண்டில் விட்டபோது, தெருவே அங்கே வந்து நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

தேரிமுனையில், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே கடலைப் பற்றி எழுதினாள். வரவில்லை. அலை என்று எழுதினால் எதிரில் இருந்த அலை அந்தச் சொல்லைப் பார்த்து இரக்கப்பட்டது. போன இடத்தைத் திரும்பி வந்துதான் எழுத முடிகிறது, எட்ட இருந்து ஏங்கினால்தான் வார்த்தை கிளம்புகிறது என்பது இத்தனை வருஷம் எழுதியும் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. எழுதியதை அடித்தாள். சும்மா இருந்தாள். தெரு ஞாபகம் வந்தது. செங்கோடனின் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மயில்பச்சை, துக்கத்தைச் சொல்லிவிட்டு எழுந்தபோது கந்தப்பன் தோளை உதறிக்கொண்ட விதம், வாசலில் காத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் முறுக்கு பகிர்ந்துகொண்டது. இப்படியும் ஒரு தெரு உண்டா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெயில் சாய்ந்து நிழல் படகின் மறுபக்கம் போனது தெரியாமல் பக்கம் பக்கமாக எழுதினாள். சவேரியம்மாள் சாப்பிடக் கூப்பிட்ட குரலில்தான் விழித்தாள். கன்னம் வலித்தது. எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தாள், கடல் ஒரு வரியிலும் இல்லை, முழுக்க மூன்றாம் தெரு.

கிழித்துக் கடலில் போட்டாள். எழுதியதைக் கிழித்தால் எழுதாமல் போகாது என்று அவளுக்கே தெரியும்.

விடிந்தபோது மூன்றாம் தெரு கடற்கரையில் நின்றது. இரண்டு வரிசை வீடுகளும் மாடிப்படிகளும் தண்ணீர்த்தொட்டிகளும் மின்கம்பங்களும் அப்படியே வந்திருந்தன, அஸ்திவாரம் மட்டும் வரவில்லை. மணல்மேல் தட்டில் வைத்த மாதிரி வீடுகள் இருந்தன, தெருவின் கடைசி வீடான தெய்வானையின் வீட்டு வாசற்படியில் அலை வந்து முட்டிக்கொண்டிருந்தது. கந்தப்பன் பல்தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வெளியே வந்து, கடலைப் பார்த்து, பிரஷ்ஷை எடுக்காமலே நின்றார்.

குப்பத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். சவேரியம்மாள் இடுப்பில் கைவைத்துத் தெருவை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் ஊராக்கும்? நல்லாத்தான் கெட்டியிருக்காவ. ஆனா இறங்கக் கூடாத எடத்துல இறங்கிட்டு. இன்னிக்கு அமாவாசை, வெயில் ஏற ஏறத் தண்ணி உள்ள வரும். அடிமணலை அரிச்சுச்சுன்னா ஒரு செவுரு நிக்காது."

வலைக்கயிறுகளைக் கொண்டுவந்து வீடுகளைக் கட்டினார்கள், வயசானவர்களைத் தூக்கி மேட்டில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள், குப்பத்து எல்லையில் இருந்த சிலுவைக்கு அப்பால் அவர்கள் கால் விழவில்லை. அருக்காணியைச் சுற்றி நின்று, "எழுதுங்க, எழுதுங்க" என்று கெஞ்சினார்கள். அவள் மணலில் உட்கார்ந்து மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டாள். பனி, கிளி, சந்தை, எதை நினைத்தாலும் பயம்தான் வந்தது. செங்கோடன் பக்கத்தில் குந்தினான். "வராட்டி விடு புள்ள" என்றான். "வீடுதானே." அதைச் சொல்லும்போதே தெய்வானை வீட்டு மதில் சாய்ந்து விழுந்தது.

அப்போதுதான் தெய்வானையின் அலறல் கேட்டது. தெரு வந்திறங்கிய நேரத்தில் அவள் மாவு கொடுக்கத் தெருவின் தலைமாட்டுக்கு வந்திருந்தாள். அலைச் சத்தம் கேட்டதுமே மயங்கி விழுந்தவளை வயசானவர்களோடு மேட்டில் கிடத்தியிருந்தார்கள், இப்போதுதான் கண் விழித்தாள். தங்கமலர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது வேறு யாருக்கும் தெரியாது. இப்போது வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் தண்ணீர் நுரைத்து ஓடியது. யார் யாரோ பிடிக்க, பிடித்த கைகளையெல்லாம் உதறிவிட்டுத் தெய்வானை கடலுக்குள் இறங்கினாள்.

முழங்கால், தொடை, இடுப்பு. ஒரு அலை அவளை மூடியது, தெரு மொத்தமும் மூச்சை நிறுத்தியது, சேலை முதலில் மேலே வந்தது, பிறகு அவள் வந்தாள். கதவை எட்டி உதைத்தாள். தூக்கம் கலையாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எதிரில் ஓடிவந்த செங்கோடனிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த அலை முகத்தில் அறைந்தது. அவள் கூந்தலை வழித்தெறிந்து, வாயிலிருந்த உப்புத்தண்ணீரைக் காறித் துப்பி, முட்ட வரும் மாட்டை விரட்டுகிற மாதிரி கையை ஓங்கினாள்.

"போ அந்தப் பக்கம்! போன்னா போகோணும்! ஒருத்தனைக் கொண்டுபோனது போதாது உனக்கு? எம்புள்ளையுமா கேக்குது? வந்தீன்னா தொலைச்சுப்போடுவேன் தொலைச்சு!"

அலை நிஜமாகவே பின்வாங்கியது, அலைகளுக்கு அதுதான் வழக்கம். ஆனால் அவள் அதட்டியதற்குப் பயந்து போனது போலத்தான் இருந்தது. கந்தப்பனின் வாயிலிருந்து பிரஷ் விழுந்தது. யாரோ ஒருத்தர் சிரித்தார், பயத்தில் இறுகியிருந்த தெரு முழுக்க அந்தச் சிரிப்பு பற்றிக்கொண்டது. தெய்வானையும் தான் திட்டியது எதை என்று பார்த்தாள், எவ்வளவு பெரியது என்று பார்த்தாள், இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரிக்கத் தொடங்கினாள்.

அருக்காணியின் கை தானாக ஓடியது. ஓங்கிய அந்தக் கையை எழுதினாள், துப்பிய உப்பை எழுதினாள். வழக்கமாக எழுதியது மறுநாள்தான் வரும், அன்று காத்திருக்க நேரமில்லை என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தை முடித்து நிமிர்ந்தபோது தெரு இல்லை. செங்கோடனும் அவன் தோளில் இருந்த பிள்ளையும் இல்லை. குப்பத்து ஆட்கள், எதிலும் கட்டப்படாத கயிறுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடலில் தெய்வானை மட்டும் இருந்தாள், இன்னும் சிரித்துக்கொண்டு.

சற்று நேரத்தில் செங்கோடனிடமிருந்து போன் வந்தது. எல்லாரும் நாமக்கல் வந்துவிட்டார்கள், மதில் மட்டும் இடிந்தபடியே வந்திருக்கிறது, தெய்வானையைத்தான் காணோம். "இங்கிருக்குறாளுங்க மாமா" என்றாள் அருக்காணி. தெய்வானை ஈரச்சேலையோடு சிலுவை வரை நடந்து போய், காலை எடுத்து வைத்து, அதே இடத்தில் வைத்து, திரும்பி வந்தாள்.

"நீங்க எழுதற வரைக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு."

"எழுதுங்க. அவ ராத்திரியில என் காதைப் புடிச்சுட்டுத்தான் தூங்குவா."

நாட்கள் போயின. சவேரியம்மாள் வீட்டுத் திண்ணையில் உரலைத் தேடிப் பிடித்துத் தெய்வானை மாவாட்டினாள், குப்பம் இட்லிக்குப் பழகியது. தினமும் போனில், செங்கோடன் பார்த்துக்கொண்ட மகளிடம், "அம்மா மீன் வாங்க வந்தேன் சாமி, வெலை பேசிட்டிருக்கறேன்" என்றாள். பிள்ளை அழுவது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. அருக்காணி காகிதத்தை எடுப்பாள், எழுதாமலே மடித்து வைப்பாள். யாரை எழுதினாலும் அவர்கள் இங்கே வந்து மாட்டிக்கொள்வார்கள். எதை எழுதினாலும் அது இல்லாமல் எங்கோ ஒரு இடம் காயும். தனக்குப் பிடித்த ஒவ்வொரு ஆளையும் மரத்தையும் ஆற்றையும் நினைத்துப் பார்த்தாள், எல்லாவற்றுக்காகவும் யாரோ ஒருவர் காத்திருந்தார்கள்.

ஒரு காலையில், தெய்வானை மகளிடம் போனில் விலை பேசிக்கொண்டிருந்தபோது, அருக்காணிக்கு ஒரு யோசனை தோன்றியது. இத்தனை வருஷம் ஊர் ஊராக எழுதியும் 'நான்' என்று ஒரு வரி அவள் எழுதியதில்லை, ஊரை மறைத்துக்கொண்டு தான் நிற்கக் கூடாது என்று நினைத்தவள். நான், என்று எழுதினாள். துணிப்பையைத் தோளில் போட்டதும் தன் கால் எப்படி இலேசாகும் என்று எழுதினாள், பஸ் ஜன்னலில் முகம் தெரியாத காற்று எப்படித் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று எழுதினாள், கயிறு அறுத்த உள்ளங்கையை எழுதினாள். தன்னை இப்படித் தனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது, விடாமல் எழுதினாள். எழுதப்பட்டவள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"இல்ல சாமி, அம்மா நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. உரலில் மாவு இருந்தது, ஆட்டியவள் இல்லை. அருக்காணி போன் போட்டாள், எதிர்முனையில் பிள்ளையும் தாயும் சேர்ந்து அழுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டு எழுந்து, அவசரப்படாமல் சிலுவை வரை நடந்தாள். அந்தப் பக்கம் கால் வைத்தாள். கால் இந்தப் பக்கமே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவள் கேட்காமலே அவளுடைய தலையணையைக் கொண்டுவந்திருந்தான். தெரு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தது, புளியமரம் போன இடத்தில் குழி இருப்பதாகவும் ஆட்டோக்காரர்கள் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள் என்றும் சொன்னான். இருவரும் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் சோறு சாப்பிட்டார்கள். ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் ஒண்ணு யோசிச்சேன் புள்ள. என்னைப் பத்தி எழுதிரு. நான் இங்க இருந்துக்கறேன், படகுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வேணும்னு அந்தம்மா சொல்லுது. எனக்கென்ன, இருந்த எடத்துல இருக்கிறவன். நீ போ. போயிட்டுப் போயிட்டு வா."

அருக்காணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். நரைத்த மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவள் நெஞ்சுக்குள் எதுவோ வலை மடி திறந்தது போல வெள்ளியாகத் துள்ளி எழுந்தது, கன்னம் வலிக்கத் தொடங்கியது. அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"லாரிக்காரர் போயிருவாரு. கெளம்புங்க."

"இப்பத்தானே வந்தேன்."

"கெளம்புங்க மாமா. இங்க நிக்காதீங்க. திரும்பிப் பாத்துச் சிரிக்காமப் போங்க."

அவன் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினான். அவள் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, புழுதி அடங்கி சாலை வெறுமையாகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.